புரட்சிச் சஞ்சிகையிலிருந்து பழைமைவாதச் சஞ்சிகைக்கு: ஜேம்ஸ் பேர்ணம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

1983 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி றொனால்ட் றீகன், குடிமக்களுக்கு அந்நாடு வழங்கும் அதியுயர் விருதான சுதந்திரப் பதக்கத்தை ஜேம்ஸ் பேர்ணம் என்னும் முதிய எழுத்தாளருக்கு வழங்கினார். கம்யூனிஸத்துக்கெதிரான கருத்துப் போரில் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் உழைத்தமைக்கான கௌரவம் அது. ஆனால் அதற்கு ஐம்பதாண்டுகளுக்கு முன்னர், 1933 இல், இதே பேர்ணம் அமெரிக்கத் தொழிலாளர் கட்சியொன்றை உருவாக்கும் முயற்சியில் இறங்கியிருந்தார். பின்னர் ட்ரொட்ஸ்கியின் இயக்கத்தைச் சேர்ந்த தத்துவார்த்தச் சஞ்சிகையின் ஆசிரியர்களுள் ஒருவராக விளங்கினார். இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இத்தகைய மாற்றங்களுக்கு வழக்கமாக இரு விளக்கங்கள் கூறப்படுவதுண்டு. இடதுசாரிகள் இதனைத் துரோகம் என்பர். வலதுசாரிகள் இதனை விழிப்பு என்பர். முன்னையது ஒருவரின் ஒழுக்கத்தையும் பின்னையது அவரின் அறிவையும் காரணமாகக் காட்டுகின்றன. இரண்டுமே தனிமனிதனின் உள்ளத்துக்குள் நின்றுவிடுகின்றன. அவ்வெழுத்தாளன் எந்த வர்க்கப் பின்புலத்திலிருந்து வந்தான், எவருடன் சேர்ந்து தொழில்பட்டான், எந்த நிறுவனம் அவனுக்கு ஊதியமும் மேடையும் அளித்தது, எவரை நோக்கி எழுதினான் என்னும் வினாக்களை இவை எழுப்புவதில்லை. மார்க்ஸிய ஆய்வாளர் என்ற வகையில் இவ்வினாக்களை எழுப்புவதே நமது கடமையாகும். பேர்ணத்தின் வாழ்க்கையை அவர் பணிபுரிந்த சஞ்சிகைகளினூடாகவும், அவற்றில் அவர் கொண்டிருந்த தொழிலுறவுகளினூடாகவும் நோக்குவது இதனாலேயே பயனுடையதாகின்றது.

2

பேர்ணம் 1905 நவம்பரில் சிக்காகோ நகரில் பிறந்தவர். இங்கிலாந்திலிருந்து குடியேறிய அவர் தந்தையார் புகையிரதக் கம்பனியொன்றின் உயர் நிருவாகியாகவிருந்தார். பிற்காலத்தில் முகாமையாளர்களே உலகை ஆளப்போகும் வர்க்கத்தினர் என்று எழுதியவர் ஒரு முகாமையாளரின் மகனாக வளர்ந்தவர் என்பது தற்செயலான செய்தியாயினும் மறக்கத்தக்கதன்று. கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்து, மாணவப் பருவத்தில் நம்பிக்கையிழந்து, பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் 1927 இல் முதன்மையான பெறுபேற்றுடன் பட்டம்பெற்று, ஒக்ஸ்போட்டின் பேலியல் கல்லூரியில் மேற்படிப்பை முடித்துக்கொண்டு, 1929 இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் ஆசிரியரானார்.

அந்த ஆண்டே அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்த ஆண்டுமாகும். தொடர்ந்து வந்த பொருளாதார மந்தம் அந்நாட்டுப் புத்திஜீவிகளின் ஒரு தலைமுறையையே இடதுபக்கம் திருப்பியது. பேர்ணம் தம் நண்பர் பிலிப் வீல்றைற்றுடன் சேர்ந்து 1930 முதல் 1933 வரை ‘சிம்போசியம்’ என்னும் இலக்கிய, மெய்யியற் சஞ்சிகையை நடத்தினார். ட்ரொட்ஸ்கியின் ‘ரஷ்யப் புரட்சியின் வரலாறு’ பற்றி 1932 இல் அவர் எழுதிய மதிப்புரை அதிலேயே வெளிவந்தது. அவரை மார்க்ஸியத்தின்பால் ஈர்த்த முதல் வழி நூல்வழி என்பது இங்குக் கருத்திற்கொள்ள வேண்டிய ஒன்றாகும். அதே பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பித்த சிட்னி ஹூக்கின் தொடர்பு அவ்வழியை உறுதிப்படுத்தியது.

1933 இன் இறுதியில் ஏ. ஜே. மஸ்ரியின் தலைமையில் அமெரிக்கத் தொழிலாளர் கட்சி அமைக்கப்பட்டபோது பேர்ணமும் ஹூக்கும் அதன் அமைப்பாளர்களுடன் நின்றனர். 1934 இல் இக்கட்சியினர் டொலிடோ நகரில் மோட்டார் உறுப்புத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை வழிநடத்தினர். அதே ஆண்டில் ஜேம்ஸ் கனனின் தலைமையிலான ட்ரொட்ஸ்கியவாதிகள் மினியாப்பொலிஸ் நகரில் லொறிச் சாரதிகளின் பெரும் வேலைநிறுத்தத்தை நடத்தினர். ஆண்டிறுதியில் இவ்விரு அமைப்புகளும் ஒன்றிணைந்தன. ஹூக் வெளியே நின்றுகொண்டார். பேர்ணம் உள்ளே சென்றார். மக்ஸ் ஷட்மனுடன் சேர்ந்து ‘நியூ இன்டர்நஷனல்’ சஞ்சிகையின் ஆசிரியரானார். 1938 இன் தொடக்கத்தில் சோஷலிசத் தொழிலாளர் கட்சி அமைக்கப்பட்டபோது அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவராகவும் இருந்தார்.

எனினும் அவர் ஒருபோதும் கட்சியின் முழுநேர ஊழியராகவில்லை. பகலிற் பேராசிரியர், மாலையிற் புரட்சியாளர் என்ற இரட்டை வாழ்வே அவருடையதாயிற்று. டொலிடோவிலும் மினியாப்பொலிஸிலும் தெருவில் நின்றவர்களுக்குக் கட்சி என்பது அவர்களது வாழ்வின் வடிவம். பேர்ணத்துக்கோ கட்சி என்பது பெரிதும் ஒரு சஞ்சிகையும் அதைச் சூழ்ந்த விவாதமுமாகும். இதனை அவர்மீது குற்றமாகச் சுமத்துவது நமது நோக்கமன்று. பல்கலைக்கழகப் பதவியிலிருந்து கொண்டு முற்போக்கெழுத்தில் ஈடுபடும் நாமும் அதே நிலையிலேயே நிற்கிறோம். அந்நிலை எத்தகைய நெருக்கடியில் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதே நாம் அறிய விரும்புவது.

3

1939 ஜனவரியில் பேர்ணமும் ஷட்மனும் இணைந்து, பின்வாங்கும் புத்திஜீவிகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையை ‘நியூ இன்டர்நஷனல்’ சஞ்சிகையில் வெளியிட்டனர். சிட்னி ஹூக், மக்ஸ் ஈஸ்ட்மன் முதலியோர் ஸ்டாலினிஸத்தை எதிர்க்கும் பெயரால் மார்க்ஸியத்தையே கைவிடுகின்றனர் என்பது அதன் வாதம். இக்கட்டுரையில் இரண்டு விடயங்கள் ஊன்றி நோக்கத்தக்கவை. ஒன்று, இயங்கியற் பொருள்முதல்வாதம் குறித்துத் தம்மிருவருக்குமிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை ஆசிரியர்களே அதில் ஒப்புக்கொண்டமை. மற்றையது, பதினாறு ஆண்டுகளின் பின்னர் பேர்ணமும், அவராற் கண்டிக்கப்பட்ட ஈஸ்ட்மனும் ஒரே பழைமைவாதச் சஞ்சிகையின் முகப்புப் பட்டியலில் ஒன்றாக இடம்பெற்றமை.

1939 ஆகஸ்டில் ஹிட்லர்–ஸ்டாலின் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. செப்டெம்பரில் போலந்து பங்கிடப்பட்டது. நவம்பர் இறுதியில் சோவியத் படைகள் பின்லாந்தினுட் புகுந்தன. சோவியத் ஒன்றியத்தை இன்னமும் ஒரு தொழிலாளர் அரசாகக் கொண்டு அதனைப் பாதுகாப்பதா என்ற வினா கட்சியைப் பிளந்தது. அது சீர்கெட்ட நிலையிலுள்ள தொழிலாளர் அரசு என்பதும், அரசுடைமை நிலைக்கும்வரை ஏகாதிபத்தியத்துக்கெதிராக அதனைப் பாதுகாத்தல் வேண்டுமென்பதும் மெக்சிக்கோவில் அடைக்கலம் புகுந்திருந்த ட்ரொட்ஸ்கியின் நிலைப்பாடு. பேர்ணமும் ஷட்மனும் அதனை மறுத்தனர். 1940 ஜனவரியில் ட்ரொட்ஸ்கி பேர்ணத்துக்குப் பகிரங்கக் கடிதமொன்றை எழுதினார். இயங்கியலை மறுப்பதே அரசியல் தடுமாற்றத்தின் வேர் என்று அதில் அவர் வாதித்தார். பெப்ரவரியில் வந்த பேர்ணத்தின் மறுமொழி விஞ்ஞானத்தின் பெயரால் இயங்கியலை ஏளனஞ் செய்தது.

இவ்விவாதம் நமக்கு அந்நியமான ஒன்றன்று. அதே 1939–40 காலப்பகுதியிலேயே லங்கா சமசமாஜக் கட்சியும் மூன்றாம் அகிலத்தில் நம்பிக்கையின்மையை அறிவித்து, அதனை ஏற்காதவர்களை வெளியேற்றியது. அவ்வாறு வெளியேறியவர்களிடமிருந்தே பின்னர் 1943 இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி தோன்றிற்று. நியூயோர்க்கில் எழுந்த வினாவும் கொழும்பில் எழுந்த வினாவும் ஒரே உலக நெருக்கடியின் இரு முகங்கள். இங்குள்ள இரு மரபினரும் அவ்வினாவுக்கு நெடுங்காலம் தத்தம் மேற்கோள்களாலேயே விடையளித்து வந்தனர் என்பதையும் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

பேர்ணம் எழுப்பிய வினா நியாயமானது என்பதே நமது கருத்து. உற்பத்திச் சாதனங்கள் அரசுக்குரியனவாகவும், அரசு தொழிலாளருக்குரியதல்லாததாகவும் இருக்குமிடத்து அச்சமுதாயத்தை எவ்வாறு பெயரிடுவது? அவ்வினாவைக் கேட்டமைக்காக ஒருவரைக் குட்டி பூர்ஷ்வா என்றழைப்பது விடையாகாது. அதேவேளையில், ட்ரொட்ஸ்கி சுட்டிக்காட்டிய ஓர் அபாயம் மெய்யாயிற்று என்பதும் வரலாற்றுண்மை. 1940 ஏப்ரலில் கட்சி பிளவுபட்டது; உறுப்பினரில் ஏறத்தாழ ஐந்திலிரு பங்கினர் ஷட்மனுடனும் பேர்ணத்துடனும் வெளியேறித் தனிக்கட்சி அமைத்தனர். மே 21 இல், தாம் அமைக்கத் துணைநின்ற அப்புதிய கட்சியிலிருந்தும் பேர்ணம் விலகினார். மார்க்ஸியத்தின் அடிப்படைக் கருத்துகளிற் பெரும்பாலானவற்றைத் தாம் ஏற்கவில்லை என்று விலகற் கடிதத்தில் எழுதினார். அவரை நம்பித் தம் பழைய தோழர்களைப் பிரிந்து வந்தவர்களுக்கு அவர் அளித்த கால அவகாசம் சில வாரங்களே. ஆகஸ்டில் ட்ரொட்ஸ்கி கொலையுண்டார்.

4

1941 இல் ‘முகாமையாளர் புரட்சி’ என்ற நூல் வெளிவந்து பேர்ணத்தை உலகறியச் செய்தது. முதலாளித்துவம் மறைந்துகொண்டிருக்கின்றது, ஆனால் அதன் இடத்தில் வருவது சோஷலிசமன்று, உற்பத்தியை நடைமுறையில் நெறிப்படுத்தும் முகாமையாளர்களும் நிருவாகிகளும் புதிய ஆளும் வர்க்கமாகின்றனர், ஸ்டாலினின் ரஷ்யா, ஹிட்லரின் ஜெர்மனி, றூஸ்வெல்டின் அமெரிக்கா ஆகிய மூன்றும் வெவ்வேறு வேகத்தில் ஒரே திசையிற் செல்கின்றன என்பது அந்நூலின் சாரம். இதில் முழுவதும் புதியதென ஒன்றில்லை. பெருங்கம்பனிகளில் உடைமையும் கட்டுப்பாடும் பிரிந்துவிட்டதை பேர்ளும் மீன்ஸும் 1932 இலேயே ஆராய்ந்திருந்தனர். சோவியத் ஆட்சியையும் பாஸிஸ ஆட்சியையும் ஒரே அதிகாரிவர்க்கத் தோற்றப்பாட்டின் வடிவங்களாக இத்தாலியரான புரூனோ றிஸி 1939 இல் விளக்கியிருந்தார். ட்ரொட்ஸ்கி அவருடன் வாதிட்டுமிருந்தார். கட்சிக்குள் நடந்த ஒரு விவாதத்தை, தொழிலாளர் வர்க்கத்தை நீக்கிவிட்டுப் பொதுச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் பேர்ணம் எனலாம்.

அந்நூலின் முறையியல்தான் நமது கவனத்துக்குரியது. வர்க்கப் போராட்டமே வரலாற்றின் இயக்குவிசை என்பதை அது மறுக்கவில்லை. போராடும் வர்க்கங்களின் பட்டியலிலிருந்து பாட்டாளி வர்க்கத்தை மட்டுமே அடித்துவிடுகின்றது. எஞ்சுவது, ஓர் ஆளும் கூட்டத்தினிடமிருந்து இன்னோர் ஆளும் கூட்டத்திற்கு அதிகாரம் கைமாறும் கதையே. சமூகவியலாளர்களான ஹான்ஸ் கேர்த்தும் சீ. றைற் மில்ஸும் 1942 இல் இந்நூலைத் திறனாய்ந்து எழுதிய கட்டுரைக்கு ‘முகாமையாளர்களுக்கான ஒரு மார்க்ஸ்’ என்று பொருள்படத் தலைப்பிட்டமை மிகப் பொருத்தமானது. நிபுணத்துவம் இன்றியமையாதது என்பதாலேயே நிபுணர் ஆட்சியாளராகிவிடுவதில்லை என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். 1943 இல் வந்த ‘மக்கியவெல்லியர்கள்’ என்ற நூலில் பேர்ணம் இத்திசையிலேயே மேலும் சென்று, மொஸ்கா, மிக்கெல்ஸ், பரேட்டோ, சொறெல் ஆகியோரைத் தம் ஆசான்களாக ஏற்றார்.

முகாமையாளர் புரட்சி பற்றிய நூல் விற்பனையான அதே 1941 ஆம் ஆண்டில் மினியாப்பொலிஸ் நகரில் ஒரு வழக்கு நடைபெற்றது. அரசைக் கவிழ்க்க முனைந்தனர் என்று, சோஷலிசத் தொழிலாளர் கட்சியினர் மீதும் லொறிச் சாரதிகள் சங்கத்தினர் மீதும் ஸ்மித் சட்டத்தின் கீழ்த் தொடுக்கப்பட்ட வழக்கு அது. டிசெம்பரில் கனன் உட்பட 18 பேர் தண்டிக்கப்பட்டனர். ஓராண்டுக்கு முன்னர் ஒரே குழுவில் அமர்ந்து விவாதித்தவர்களுள் சிலர் சிறை வாயிலை நோக்கியும் ஒருவர் புகழின் வாயிலை நோக்கியும் சென்றனர். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் தனிப்பட்ட வீரம் மட்டுமன்று. தொழிற்சங்கத்தில் வேரூன்றியவர்களுக்குப் பின்வாங்கும் வழி அடைபட்டிருந்தது. பல்கலைக்கழகத்தில் வேரூன்றியவருக்கோ அவ்வழி எக்காலத்தும் திறந்தேயிருந்தது.

பேர்ணத்தை முதலில் முழுமையாகத் திறனாய்ந்தவர் ஜோர்ஜ் ஓர்வெல். அவர் 1946 இல் எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் பயில்வதற்குரியது. 1941 இல் ஜெர்மனியின் வெற்றியை எதிர்பார்த்த பேர்ணம், செம்படை முன்னேறிய காலத்தில் ஸ்டாலினை லெனினின் உண்மையான வாரிசாகவும் பேராற்றல் படைத்த தலைவராகவும் சித்திரித்ததை ஓர்வெல் ஒப்புநோக்கினார். அவ்வக்கணத்தில் வென்றுகொண்டிருப்பவரே என்றும் வெல்வர் எனக் கருதும் மனப்போக்கு அது. அதன் அடியில் இருப்பது அதிகாரத்தின்பாற்பட்ட மோகம் என்பது அவரது முடிவு. எனினும் பேர்ணம் வரைந்த உலகப் படத்தின் கவர்ச்சி ஓர்வெலையும் விட்டுவிடவில்லை. ‘1984’ நாவலில் உலகம் மூன்று பேரரசுகளாகப் பிரிந்திருப்பது பேர்ணத்தின் நூலிலிருந்து வந்ததே. ஒருவருடைய கருத்தை மறுத்துக்கொண்டே அதைத் தம் புனைவின் தளமாகக் கொண்ட இவ்வுறவு இலக்கிய வரலாற்றாசிரியருக்கு ஒரு நல்ல பாடமாகும்.

5

உலக யுத்தம் முடிவடையுமுன்னரே பேர்ணத்தின் தொழிலுறவுகள் புதிய தளத்துக்கு மாறின. 1944 இல் அமெரிக்க யுத்தகாலப் புலனாய்வு அமைப்புக்காக அவர் தயாரித்த அறிக்கையே 1947 இல் வெளிவந்த ‘உலகுக்கான போராட்டம்’ நூலின் அடிப்படையாயிற்று. 1944 ஏப்ரலில் அலெக்சாந்திரியாவில் கிரேக்க மாலுமிகள் செய்த கலகத்துடன் மூன்றாம் உலகப் போர் தொடங்கிவிட்டது என்று அந்நூல் தொடங்குகின்றது. அணுகுண்டைத் தனியுரிமையாகக் கொண்ட அமெரிக்கா உலகத் தலைமையை ஏற்றல் வேண்டும், உள்நாட்டில் கம்யூனிஸ்ட் கட்சியை ஒடுக்குதல் வேண்டும் என்பன அதன் பரிந்துரைகள். ட்ரூமன் தம் கோட்பாட்டை அறிவித்த மார்ச் மாதத்திலேயே நூலும் வெளிவந்தது. அரசின் கொள்கைக்கும் எழுத்தாளரின் சிந்தனைக்கும் அந்த அளவுக்கு இயைபு ஏற்பட்டிருந்தது.

1949 இல் பேர்ணம், சி. ஐ. ஏ. யுடன் இணைந்த இரகசிய நடவடிக்கைப் பிரிவான கொள்கை ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் ஆலோசகரானார். 1950 ஜூனில் பேர்லினில் கூடிய கலாசார சுதந்திரப் பேரவையின் பின்னணியில் ஹூக், ஆர்தர் கெஸ்ட்லர் ஆகியோருடன் அவரும் செயற்பட்டார். அப்பேரவைக்கு சி. ஐ. ஏ. பணம் வழங்கியமை 1966–67 இல் அம்பலமாயிற்று. பிரித்தானியாவில் ‘என்கவுண்டர்’, இந்தியாவில் ‘குவெஸ்ட்’ முதலிய சஞ்சிகைகள் இப்பேரவையின் ஆதரவிலேயே நடைபெற்றன. அவற்றைக் கலைச் சுதந்திரத்தின் குரலாக நம்பி வாசித்தவர்கள் நமது பிராந்தியத்திலும் இருந்தனர். இலக்கியத்தில் அரசியல் கூடாது என்று முற்போக்கெழுத்தாளரைக் கண்டித்த ஓர் உலகளாவிய குரலுக்கு ஓர் அரசின் இரகசிய நிதி பின்னின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

இக்காலத்திலேயே பேர்ணத்துக்கும் நியூயோர்க்கின் தாராளவாதப் புத்திஜீவிகளுக்குமிடையிலான உறவு முறிந்தது. செனட்டர் மக்கார்த்தியின் வேட்டையை ஆதரிக்கவும் எதிர்க்கவும் தாம் ஆயத்தமில்லை என்று அவர் கூறினார். எதிர்ப்பவர்களை எதிர்ப்பதே அதன் நடைமுறைப் பொருளாயிற்று. 1953 இல் ‘பார்ட்டிசன் ரிவியூ’ சஞ்சிகையின் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார். பல்கலைக்கழகப் பதவியும் அவ்வாண்டுடன் முடிவுற்றது. ஐம்பது வயதை அண்மித்த நிலையில் அவருக்குக் கட்சியுமில்லை, சஞ்சிகையுமில்லை, வகுப்பறையுமில்லை.

6

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் அவரிலும் இருபது வயது இளையவரான வில்லியம் பக்லி. எண்ணெய் வணிகரின் மகனான பக்லி, யேல் பல்கலைக்கழகத்தில் தம் ஆசிரியராகவிருந்த வில்மோர் கென்டல் மூலம் பேர்ணத்தை அறிந்தவர். 1951 இல் பக்லி சி. ஐ. ஏ. பணியிற் சேர்வதற்கு வழிகாட்டியவரும் பேர்ணமே. 1955 நவம்பர் 19 ஆந் திகதி ‘நஷனல் ரிவியூ’ முதலிதழ் வெளிவந்தபோது பேர்ணம் அதன் மூத்த ஆசிரியர்களுள் ஒருவரானார். ‘மூன்றாம் உலகப் போர்’ என்ற தலைப்பில் உலக அரசியல் பற்றிய பத்தியை எழுதத் தொடங்கினார். 1978 இல் பக்கவாதத்தால் எழுத்தாற்றலை இழக்கும்வரை இருபத்துமூன்று ஆண்டுகள் அச்சஞ்சிகையில் அவர் பணி தொடர்ந்தது. கனெற்றிக்கட் மாநிலத்தின் கென்ற் என்ற சிற்றூரிலிருந்து வாரத்தில் இரு நாட்கள் நியூயோர்க் வந்து ஆசிரியர் குழுவை நெறிப்படுத்துவது அவர் வழக்கம். சஞ்சிகையின் வளர்ச்சியில் அறிவுநிலையிற் முதன்மைச் செல்வாக்குச் செலுத்தியவர் பேர்ணமே என்று பக்லியே பதிவுசெய்துள்ளார்.

அச்சஞ்சிகையின் தொடக்ககால ஆசிரியர் குழுவைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். அதனை ஆரம்பிக்கத் தூண்டிய வில்லி ஷ்லாம் வியன்னாவின் முன்னாட் கம்யூனிஸ்ட். பிராங்க் மேயர் கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னாள் ஊழியர். 1957 இல் வந்துசேர்ந்த விட்டேகர் சேம்பர்ஸ் சோவியத் உளவுப் பணியிலிருந்து விலகியவர். மக்ஸ் ஈஸ்ட்மன் ட்ரொட்ஸ்கியின் வரலாற்று நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அமெரிக்கப் பழைமைவாதம் தன் தத்துவார்த்தச் சஞ்சிகையை அமைத்துக்கொண்டபோது, அதற்கு வேண்டிய கைத்திறனை இடதுசாரி இயக்கத்திடமிருந்தே பெற்றுக்கொண்டது. கோட்பாட்டை நாளாந்த அரசியலுடன் இணைத்தல், ஒரு நிலைப்பாட்டைச் சுற்றி எழுத்தாளரை அணிதிரட்டல், தம் அணியின் எல்லையை வகுத்தல் ஆகியன இவர்கள் முன்னைய வாழ்விற் பயின்ற கலைகள். 1965 இல் ஜோன் பேர்ச் சங்கத்தைப் பழைமைவாத அணியினின்று ஒதுக்கிவைக்கும் நோக்குடன் பக்லி, பேர்ணம், மேயர் ஆகிய மூவரும் ஒரே இதழில் எழுதியமை, கட்சியிலிருந்து ஒரு பிரிவை வெளியேற்றும் நடைமுறையை நினைவூட்டுவதாகும்.

ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. உட்பூசல் சஞ்சிகையை அழித்துவிடும் என்பதை அறிந்த ஷ்லாமின் ஆலோசனைப்படி, வாக்குரிமையுள்ள பங்குகள் அனைத்தும் பக்லி ஒருவரிடமே இருந்தன. தொடக்க மூலதனத்தில் ஒரு இலட்சம் டொலரைப் பக்லியின் தந்தையார் அளித்திருந்தார். ஆகவே விவாதத்துக்கு இடமிருந்தது. பெரும்பான்மை முடிவுக்கு இடமிருக்கவில்லை. ஒரு காலத்தில் ட்ரொட்ஸ்கியின் அதிகாரத்தையே எதிர்த்து நின்ற பேர்ணம், உடைமையாளர் ஒருவரின் இறுதித் தீர்ப்பின்கீழ் அமைதியுடன் பணியாற்றினார். உடைமையன்று, கட்டுப்பாடே அதிகாரத்தைத் தீர்மானிக்கின்றது என எழுதியவரது தொழில் வாழ்க்கையே அக்கூற்றுக்கு மறுப்பாக அமைந்தமை ஒரு முரண்.

குழுவினுள் பேர்ணத்தின் நிலை தனித்துவமானது. 1956 இல் ஹங்கேரிய எழுச்சி நசுக்கப்பட்டதன் பின்னர், இரு தரப்புப் படைகளும் விலகி ஜெர்மனி நடுநிலை நாடாக ஒன்றிணைவது பற்றிச் சிந்திக்கலாம் என்று அவர் எழுதினார். இதனை ஷ்லாம் கடுமையாக எதிர்த்தார். வேறு பிணக்குகளும் சேர, ஷ்லாமே சஞ்சிகையை விட்டு விலக நேர்ந்தது. மேயருடனான முரண்பாடு நீண்டது. மேயர் தம் வூட்ஸ்டொக் இல்லத்திலிருந்து இரவெல்லாம் தொலைபேசியில் வாதிட்டு, மரபையும் தனிமனித சுதந்திரத்தையும் ஒரே கோட்பாடாக இணைக்க முயன்றார். பேர்ணத்துக்கோ கோட்பாட்டுத் தூய்மையிலும் பலத்தின் கணக்கே முக்கியமானது. 1964 தேர்தலை ஒட்டி மேயரும் வெளியீட்டாளர் வில்லியம் றஷரும் கோல்ட்வாட்டரின் பின்னால் திரண்டபோது, பேர்ணம் மிதவாதியான றொக்பெல்லரின்பால் சாய்ந்தார். அதிகாரத்தை உண்மையிற் பெறக்கூடியவர் யார் என்ற பழைய வினாவே அங்கும் அவரை வழிநடத்திற்று.

7

1964 இல் வெளிவந்த ‘மேற்குலகின் தற்கொலை’ என்ற நூல் அவரது பழைமைவாதக் காலத்தின் பிரதான ஆக்கம். வரலாற்று வரைபடத்தில் மேற்குலகின் ஆட்சிப் பரப்பு முதலாம் உலகப் போரின் பின்னர் சுருங்கிக்கொண்டே வருகின்றது. அச்சுருக்கத்தை மனச்சாட்சியின் பெயரால் நியாயப்படுத்தும் கருத்துநிலையே தாராளவாதம் என்பது அதன் வாதம். எந்நிலப்பரப்புகளை இழந்தமையை அவர் சுருக்கம் என்கிறாரோ, அந்நிலப்பரப்புகளுள் ஒன்றில் இருந்துகொண்டே நாம் அந்நூலை வாசிக்கிறோம். 1948 இல் இலங்கை பெற்ற சுதந்திரத்தின் குறைபாடுகளை நாம் நன்கறிவோம். ஆயினும் கோடிக்கணக்கான மக்கள் அந்நிய ஆட்சியிலிருந்து நீங்கியமை ஒரு நாகரிகத்தின் நோயாக மட்டுமே ஒருவருக்குத் தென்படுமாயின், அம்மக்கள் அவரது வரலாற்றில் எந்தக் காலத்திலும் எழுவாயாக இருந்ததில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

உள்நாட்டிலும் இதே நோக்கே நிலவியது. 1957 ஆகஸ்டில் ‘நஷனல் ரிவியூ’ வெளியிட்ட ஆசிரியத் தலையங்கம், தென் மாநிலங்களில் எண்ணிக்கையிற் குறைந்த இடங்களிலும் வெள்ளையரே அரசியல் மேலாதிக்கம் பெற உரித்துடையவர் என வாதித்தது. குடியுரிமை விடயத்தில் தம் அன்றைய எண்ணம் தவறு என்று பக்லி 2004 இல் ஒப்புக்கொண்டார். அதற்கிடையில் ஒரு தலைமுறை சென்றுவிட்டது.

8

பேர்ணம் 1987 ஜூலையில் காலமானார். இறுதியில் தம் இளமைக்காலக் கத்தோலிக்க சமயத்துக்கே திரும்பினார். நான்காண்டுகளின் பின் சோவியத் ஒன்றியம் வீழ்ந்தது. இன்று அவ்விவாதத்தை மீள நோக்குவோருக்கு ஒரு முக்கிய உண்மை தெளிவாகின்றது. அங்கு முகாமையாளர் வர்க்கம் தன் ஆட்சியை நிலைநிறுத்திக்கொள்ளவில்லை. அதன் ஒரு பகுதியினர் தனியார்மயமாக்கலின் வழியாக ஆலைகளினதும் எண்ணெய் வயல்களினதும் உடைமையாளராயினர். கட்டுப்பாடு மட்டும் போதுமாயின் அவர்கள் உடைமையை நாடியிருக்க வேண்டியதில்லை. அதிகாரிவர்க்கம் தன் சலுகைகளைச் சொத்துரிமையாக மாற்ற முனையும் என்று 1936 இலேயே ட்ரொட்ஸ்கி எழுதியிருந்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. ஆனால் அவ்வாறு மாற்றப்பட்டபோது, அரசுடைமையைத் தமதெனக் கருதிக் காப்பாற்றத் தொழிலாளர் திரளாக எழவில்லை. இந்த மௌனத்துக்கு, தொழிலாளர் அரசு என்ற சொற்றொடரைப் பற்றி நின்ற எவரும் முழுமையான விடை கூறவில்லை. பேர்ணத்தின் விடை தவறு. அவரது வினா இன்னும் நம்முன் நிற்கின்றது.

அவரது செல்வாக்கும் மறைந்துவிடவில்லை. 1984 இல் அவரைப் பற்றி நூலெழுதிய சாமுவேல் பிரான்சிஸ், முகாமையாளர் ஆட்சிக்கெதிராக வெள்ளை நடுத்தர வர்க்கத்தைத் திரட்டும் தீவிர வலதுசாரி அரசியலுக்கு அக்கோட்பாட்டைப் பயன்படுத்தினார். நிபுணரையும் அதிகாரிகளையும் மக்களின் எதிரிகளாகக் காட்டி மூலதனத்தின் உடைமையாளரைப் பார்வையினின்று மறைக்கும் இன்றைய வலதுசாரிப் பேச்சின் வேர்களுள் ஒன்று, 1940 இல் நடந்த ஒரு மார்க்ஸிய விவாதத்தில் இருக்கின்றது.

இவற்றினின்று நாம் பெறும் முடிவுகள் இரண்டு. முதலாவதாக, பேர்ணம் மார்க்ஸியத்தைக் கைவிட்டபோது அனைத்தையும் கைவிடவில்லை. அதிகாரம் பற்றிய கூர்மையான நோக்கு, கோட்பாட்டு ஒழுங்கு, சஞ்சிகையை ஓர் அமைப்பாகக் கருதும் முறை ஆகியவற்றை உடன் கொண்டுசென்றார். விட்டுச்சென்றது ஒன்றே: உழைக்கும் மக்கள் தம் வரலாற்றைத் தாமே ஆக்க வல்லவர் என்ற நம்பிக்கை. அது நீங்கியவுடன் எஞ்சிய கருவிகள் அனைத்தும் ஆள்வோரின் கைக்கு ஏற்றனவாயின.

இரண்டாவதாக, அந்நம்பிக்கையைக் காப்பது புத்தகங்கள் மட்டுமன்று. பேர்ணத்தின் வாழ்வில் சகாக்கள் பலர் இருந்தனர். ஹூக், ஷட்மன், பக்லி, மேயர் எனப் பெயர்கள் நீள்கின்றன. அவர்கள் அனைவரும் எழுதுவோரே. ஒரு சஞ்சிகை மேசையிலிருந்து இன்னொரு சஞ்சிகை மேசைக்கு அவர் சென்றார். மேசைக்கு வெளியே அவரிடம் கணக்குக் கேட்க எவருமில்லை. நமது பல்கலைக்கழகங்களிலும் சிறுசஞ்சிகைகளிலும் இயங்கும் முற்போக்காளர், கருத்து மாறியவர்களைத் தூற்றுவதில் காட்டும் ஊக்கத்தை, நம்மிடம் கணக்குக் கேட்பவர் யார் என்ற வினாவின்பால் திருப்புவது நலம். அவ்வினாவுக்கு விடையாகத் தொழிற்சங்கமொன்றையோ, தோட்டமொன்றையோ, கிராமமொன்றையோ சுட்டிக்காட்ட இயலாதவிடத்து, நாமும் பேர்ணம் 1939 இல் நின்ற இடத்திலேயே நிற்கிறோம் என்பதை உணர்தல் வேண்டும்.